முற்றுப்புள்ளி வைக்கும் இடம்

பிழைப்பை நாடியோ உத்தியோகத்தை முன்னிட்டோ தாயகம் விட்டு வந்து வடபுலத்து நகரங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு ஆங்கிலம் வெறும் பள்ளிப் பாடம் அன்று, அன்றாடக் கருவியாகும். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இந்தியோ மராத்தியோ, அலுவலகத்தில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்கிடையே நம் நாள் கழிகிறது. பேச்சில் நேரும் பிழை காற்றோடு போய்விடும். எழுத்தில் நேரும் பிழையோ தாளில் தங்கி, நாம் உடன் இல்லாத இடத்தில் நமக்கு எதிராகவே சாட்சி சொல்லும்.

மும்பையில் நம் சங்கத்து வாசகசாலையில் ஞாயிறுதோறும் பள்ளிப் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரைகளையும், வேலை தேடும் இளைஞர்களின் விண்ணப்பங்களையும், பெரியவர்களின் மனுக்களையும் பார்த்துத் திருத்திக் கொடுக்கும் பணியைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறோம். எழுத்துப் பிழைகள் இப்போது மிகவும் குறைந்துவிட்டன. கணிப்பொறியே அவற்றைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. காலங்காட்டும் பிழைகளையும் பிள்ளைகள் விரைவில் திருத்திக்கொள்கிறார்கள். ஒரே ஒரு பிழை மட்டும் பத்து வயதுச் சிறுவனிடமும், பட்டம் பெற்ற இளைஞரிடமும், ஓய்வு பெற்ற எழுத்தரிடமும் ஒரே வகையாகத் தென்படுகிறது. முடிந்துவிட்ட வாக்கியத்தை முடிக்காமல் அடுத்த வாக்கியத்தோடு ஓட்டிவிடுவதே அது. ஆங்கில இலக்கண ஆசிரியர்கள் அதனை ‘ரன்-ஆன் சென்டென்ஸ்’ என்பார்கள். நாம் அதனை ‘ஓட்டு வாக்கியம்’ என்று சொல்லிக்கொள்வோம்.

ஓட்டு வாக்கியம் என்றதும் நீண்ட வாக்கியம் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அது தவறு. ஒழுங்காகக் கட்டப்பட்ட வாக்கியம் அரைப் பக்கம் நீண்டாலும் குற்றமற்றதே. ‘இட் ரெயின்டு, வி ஸ்டேய்டு ஹோம்’ என்பதில் ஐந்தே சொற்கள். ஆயினும் அது ஓட்டு வாக்கியம். மழை பெய்தது என்பது ஒரு செய்தி. நாங்கள் வீட்டில் இருந்தோம் என்பது மற்றொரு செய்தி. இரண்டும் தனித்தனியே நிற்கும் வலிமை உடையவை. அவற்றின் நடுவில் ஒரு காற்புள்ளியை மட்டும் இட்டு ஒட்டியிருக்கிறோம். இதற்குக் ‘காமா ஸ்ப்ளைஸ்’ என்று பெயர். அந்தக் காற்புள்ளியும் இல்லாமல் இரண்டையும் ஒன்றாக எழுதிவிட்டால் அது ‘ஃப்யூஸ்டு சென்டென்ஸ்’ எனப்படும். இரண்டும் ஒரு குடும்பத்துப் பிழைகளே.

இவ்விடத்தில் நம் மொழியின் சொல்வளம் நமக்குத் துணையாக வருகிறது. ஆங்கிலத்தில் காமா, செமிகோலன், கோலன், ஃபுல் ஸ்டாப் என்னும் பெயர்களைப் படிக்கும் சிறுவனுக்கு அவற்றின் வலிமை விளங்குவதில்லை. தமிழிலோ காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்று பெயரிலேயே அளவு சொல்லப்பட்டிருக்கிறது. ஒரு படி அரிசி அளக்க வேண்டிய இடத்தில் காற்படி அளந்து கொடுத்தால் எந்தக் கடைக்காரனையும் நம் தாய்மார்கள் விட மாட்டார்கள். முழு வாக்கியம் முடிந்த இடத்தில் காற்புள்ளி இடுவதும் அத்தகைய அளவுக் குறைவுதான். இவ்வாறு விளக்கியதும் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்த பின்னர் மறப்பதில்லை.

நம்மவர்கள் இந்தப் பிழையில் எளிதில் விழுவதற்குக் காரணம் யாது? அறியாமை என்று சொல்லி ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. ஆழ்ந்து நோக்கினால் தமிழ் வாக்கியத்தின் அமைப்பே இதற்கு விடை சொல்லும்.

தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். காலம், இடம், செயப்படுபொருள் ஆகிய யாவும் அதற்கு முன்னரே வந்து அமர்ந்துவிடும். ‘நேற்று மாலை கடைக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்தேன்’ என்னும்போது ‘வந்தேன்’ என்ற சொல்லே கதவைச் சாத்திவிடுகிறது. பழைய ஓலைச் சுவடிகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. மெய்யெழுத்துக்கும் பெரும்பாலும் புள்ளி இல்லை. இன்று நாம் வழங்கும் நிறுத்தக்குறிகளும் இல்லை. ஆயினும் படிக்கத் தெரிந்தவர்கள் உரைநடையில் வாக்கியம் எங்கே முடிகிறதென்று கண்டுகொண்டார்கள். வினைமுற்றே அவர்களுக்கு முற்றுப்புள்ளியாக நின்றது. அச்சு நூல்கள் பெருகிய பிறகே நிறுத்தக்குறிகள் தமிழ் உரைநடையில் நிலைபெற்றன. அவற்றைப் பேணி எழுதிய முன்னோடிகளுள் ஆறுமுக நாவலர் (1822–1879) சிறந்து விளங்குகிறார்.

ஆங்கிலத்தில் வினை வாக்கியத்தின் நடுவில் நிற்கிறது. இடமும் காலமும் பெரும்பாலும் அதற்குப் பின்னே வரும். ஆதலால் வினையைக் கண்ட மாத்திரத்தில் வாக்கியம் முடிந்தது என்று சொல்ல இயலாது. பின்னே வரும் சொற்கள் முன் வாக்கியத்துக்கு உரியவையா, அடுத்த வாக்கியத்துக்கு உரியவையா என்பதைப் புள்ளி ஒன்றுதான் காட்ட வேண்டும். தமிழில் புள்ளி ஓர் உதவி. ஆங்கிலத்தில் அது எல்லைக்கல்.

மற்றொரு காரணமும் உண்டு. தமிழ் இலக்கணத்தில் ‘முற்றெச்சம்’ என்று ஒன்று இருக்கிறது. ‘வந்தனன் வணங்கினான்’ என்றால் ‘வந்து வணங்கினான்’ என்பது பொருள். ‘வந்தனன்’ என்பது வடிவத்தில் முற்று, பொருளில் எச்சம். இவ்வாறு முற்றுகளை அடுத்தடுத்து வைத்துக் கேட்டுப் பழகியது நம் செவி. ஆகவே ‘ஹி கேம், ஹி சல்யூட்டடு’ என்று எழுதும் தமிழ்ப் பிள்ளைக்கு அதில் குறை ஒன்றும் தோன்றுவதில்லை. ஆனால் ஆங்கிலத்தில் முற்றெச்சம் இல்லை. அங்கே முற்று என்றும் முற்றே. ஒன்று முடிந்தால் முடிந்ததுதான்.

இதெல்லாம் புலவர்களுக்குரிய நுணுக்கம், நமக்கு என்ன என்று அன்பர்கள் கருதலாகாது. சில ஆண்டுகளுக்கு முன் நெல்லைச் சீமையிலிருந்து வந்து தாராவியில் குடியிருக்கும் ஓர் ஆச்சி ஒரு மனுவின் நகலைக் கையில் எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். மும்பைக் குடிசை மறுவாழ்வுத் திட்டங்களில் 2000 சனவரி 1 என்னும் நாள் ஒரு பெரிய எல்லை. அந்நாளுக்கு முன்பிருந்தே குடியிருப்பவர் என்று காட்ட இயன்றவர்களுக்கும் இயலாதவர்களுக்கும் உரிமையில் மிகுந்த வேறுபாடு உண்டு. ஆச்சியின் பேரன் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த மனுவில் ஒரு வரி இவ்வாறு இருந்தது:

‘வி லிவ்டு இன் திஸ் ரூம் இன் 1998 வி வென்ட் டு அவர் வில்லேஜ் இன் 2001 வி கேம் பேக்.’

பேரன் கருதியது வேறு. 1998-இல் இந்த அறையில் வசித்தோம். 2001-இல் ஒருமுறை ஊருக்குப் போனோம். திரும்பி வந்தோம் என்பதே அவன் கருத்து. மனுவைப் படித்த அலுவலர் வேறு இடத்தில் நிறுத்திப் படித்தார். இந்த அறையில் வசித்தோம். 1998-இல் ஊருக்குப் போய்விட்டோம். 2001-இல்தான் திரும்பி வந்தோம் என்று அவருக்குப் பொருள்பட்டது. அவ்வாறானால் எல்லை நாளன்று குடும்பம் அங்கே இல்லை என்று ஆகிறது. மனு மறுக்கப்பட்டது.

“ஏன் தம்பி, பேரன் பொய்யா எழுதிட்டான்?” என்று ஆச்சி கேட்டார். பேரன் பொய் எழுதவில்லை. ஒரு சொல்லையும் பிழையாக எழுதவில்லை. இரண்டு புள்ளிகளை இடாமல் விட்டான். அவ்வளவே. இதையே தமிழில், ஒரு குறியும் இல்லாமல், ‘1998-இல் இந்த அறையில் வசித்தோம் 2001-இல் ஊருக்குப் போனோம் திரும்பி வந்தோம்’ என்று எழுதிப் பாருங்கள். எவரும் இரு பொருள் கொள்ள முடியாது. முற்று தன் கடமையைச் செய்துவிடுகிறது. அந்த நம்பிக்கையில் எழுதிப் பழகிய கை ஆங்கிலத்திலும் அவ்வாறே எழுதிவிட்டது.

மனுவை மூன்று வாக்கியங்களாகப் பிரித்து, ஆண்டுகளை ஒவ்வொரு வாக்கியத்தின் முதலிலும் வைத்து எழுதி, அக்காலத்து மின்கட்டணச் சீட்டுகளையும் இணைத்து மீண்டும் அனுப்பினோம். மறு விசாரணைக்கு ஏற்றுக்கொண்டதாக மறுமொழி வருவதற்குள் 7 மாதங்கள் ஓடிவிட்டன. அந்த 7 மாதங்களும் ஆச்சி உறங்கிய உறக்கம் என்ன உறக்கமாக இருந்திருக்கும் என்பதை அன்பர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இனி, இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கும் வழியைக் கூறுவோம். எழுதி முடித்த தாளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் அடுத்த முற்றுப்புள்ளிக்கும் இடையே எத்தனை எழுவாய்–முற்று இணைகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். ‘யார் செய்தார், என்ன செய்தார்’ என்னும் வினாவுக்கு எத்தனை முறை விடை வருகிறதோ அத்தனை இணைகள். ‘கோயிங்’, ‘டு கோ’, ‘ஹேவிங் கான்’ போன்றவை நம் எச்சங்களைப் போன்றவை. அவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பிறகு இணைப்புச் சொற்களை எண்ணுங்கள். ‘அண்டு’, ‘பட்’, ‘ஸோ’, ‘பிகாஸ்’, ‘வென்’, ‘இஃப்’, ‘ஹூ’, ‘விச்’ போன்றவை அவை. இணைகள் இரண்டானால் இணைப்புச் சொல் ஒன்று வேண்டும்; மூன்றானால் இரண்டு வேண்டும். அவ்வாறு இல்லையாயின் அங்கே புள்ளி ஒன்று தவறிப்போயிற்று என்று அறியலாம். ஆச்சியின் மனுவில் இணைகள் மூன்று. இணைப்புச் சொல் ஒன்றும் இல்லை.

இக்கணக்கில் இரண்டு இடங்களில் விழிப்பாக இருத்தல் வேண்டும். முதலாவது, ‘ஐ நோ ஹி வில் கம்’ என்பது போன்ற வாக்கியம். இதில் இரண்டு இணைகள் உள்ளன. இணைப்புச் சொல் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆயினும் இது பிழையன்று. ‘அவன் வருவான் என்று எனக்குத் தெரியும்’ என்பதில் உள்ள ‘என்று’ போல, ‘தட்’ என்னும் சொல் அங்கே மறைந்து நிற்கிறது. தமிழில் சொல்லிப் பார்த்து ‘என்று’ வருமானால் அஞ்ச வேண்டியதில்லை.

இரண்டாவது, ‘தேர்ஃபோர்’, ‘ஹவெவர்’, ‘தென்’ ஆகிய சொற்கள். இவை இணைப்புச் சொற்களைப் போல வேடம் பூண்டிருப்பவை. உண்மையில் வாக்கியங்களை இணைக்கும் உரிமை இவற்றுக்கு இல்லை. ‘தி டிரெயின் வாஸ் லேட், தேர்ஃபோர் வி மிஸ்டு தி பஸ்’ என்று படித்தவர்களும் எழுதுகிறார்கள். ‘தேர்ஃபோர்’ என்பதற்கு முன்னே அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வேண்டும். நாம் தமிழில் ‘வண்டி தாமதமாக வந்தது. ஆகையால் பேருந்தைத் தவறவிட்டோம்’ என்று எழுதும்போது ‘ஆகையால்’ புது வாக்கியத்தைத் தொடங்குகிறதன்றோ? ‘தேர்ஃபோர்’ என்பதை ‘ஆகையால்’ என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

பிழையைக் கண்ட பின் திருத்துவது எளிது. ‘ஐ ரிசீவ்டு யுவர் லெட்டர், ஐ வென்ட் டு தி பேங்க்’ என்னும் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். இதனைச் சீர்செய்ய 5 வழிகள் உண்டு.

முதல் வழி, நடுவில் முற்றுப்புள்ளி இட்டு இரண்டாக்குவது. ஐயம் தோன்றும் இடங்களில் எல்லாம் இதுவே பாதுகாப்பானது. மனு, புகார், விண்ணப்பம் ஆகியவற்றுக்கு இதனையே பரிந்துரைப்போம். இரண்டாம் வழி, காற்புள்ளியை எடுத்துவிட்டு அரைப்புள்ளி இடுவது. இரு செய்திகளும் நெருங்கிய உறவுடையனவாக இருக்கும்போது இது பொருந்தும். மூன்றாம் வழி, காற்புள்ளியை அப்படியே விட்டு, அதன் பின் ஓர் இணைப்புச் சொல்லைச் சேர்ப்பது. ‘ஐ ரிசீவ்டு யுவர் லெட்டர், அண்டு ஐ வென்ட் டு தி பேங்க்’ என்க. ‘ஃபார், அண்டு, நார், பட், ஆர், யெட், ஸோ’ ஆகிய 7 சொற்கள் இப்பணிக்கு உரியவை. நான்காம் வழி, ஒன்றை மற்றொன்றுக்குத் துணை வாக்கியமாக்குவது. ‘ஆஃப்டர் ஐ ரிசீவ்டு யுவர் லெட்டர், ஐ வென்ட் டு தி பேங்க்’ என்பதைப் போல. முன்னது பின்னது, காரணம் காரியம் என்னும் தொடர்பைத் தெளிவாகக் காட்ட இதுவே சிறந்தது.

ஐந்தாம் வழிதான் தமிழர்க்கு இயல்பானது. ஒரு முற்றை எச்சமாக்குவது. ‘ஹேவிங் ரிசீவ்டு யுவர் லெட்டர், ஐ வென்ட் டு தி பேங்க்.’ ‘கடிதம் கிடைக்கப்பெற்று வங்கிக்குச் சென்றேன்’ என்பதன் அச்சான வடிவம் இது. இந்தி பேசும் தோழர்கள் ‘ஜாகர்’, ‘காகர்’ என்று சொல்வதும் இதே எச்சந்தான். ஆதலால் நம் பிள்ளைகளுக்கு இது இருமடங்கு பழக்கமானது. ஆனால் ஓர் எச்சரிக்கை. ‘செய்து’ என்னும் எச்சத்துக்கும் அது கொண்டு முடியும் வினைக்கும் வினைமுதல் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்று நம் இலக்கண நூலார் விதித்திருக்கின்றனர். ஆங்கிலமும் அதையே கேட்கிறது. ‘ஹேவிங் ரிசீவ்டு யுவர் லெட்டர், தி பேங்க் வாஸ் க்ளோஸ்டு’ என்றால் வங்கி கடிதத்தைப் பெற்றுக்கொண்டு கதவை மூடியதாகப் பொருள்படும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, சில பிள்ளைகள் அஞ்சி நாலு சொல்லுக்கு ஒரு புள்ளி வைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வெட்டிப் போட்ட விறகுபோல் வாக்கியங்கள் கிடக்கின்றன. அதுவும் அழகன்று. ஒன்றுக்கொன்று தொடர்புள்ள செய்திகளை இணைத்தும், தொடர்பற்றவற்றைப் பிரித்தும் எழுதுவதே அறிவுடைமை. ‘இவ்வளவு விதி சொல்கிறீர்களே, பெரிய ஆசிரியர்கள் காற்புள்ளியால் ஒட்டி எழுதவில்லையா?’ என்று வாதாடும் மாணவர்களும் உண்டு. எழுதியிருக்கிறார்கள். சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1859-இல் வெளியிட்ட ‘எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்’ என்னும் நாவலின் முதல் வாக்கியமே முழு வாக்கியங்கள் பலவற்றைக் காற்புள்ளியால் கோத்த மாலைதான். வில்லியம் ஸ்ட்ரங்க் 1918-இல் அச்சிட்ட சிறிய இலக்கணக் கையேடும் காற்புள்ளியால் ஒட்டலாகாது என்று விதித்துவிட்டு, மிகக் குறுகியனவும் ஒரே அமைப்புடையனவுமான வாக்கியங்களுக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் டிக்கன்ஸ் ஓசை இன்பத்துக்காக அறிந்தே செய்தார். அறிந்து மீறுவது வேறு. அறியாமல் வழுக்குவது வேறு. வீட்டு வரி அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தில் ஓசை இன்பத்தை எவரும் எதிர்பார்ப்பதில்லை.

முன் தலைமுறையில் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று, அந்த இரண்டையே மூலதனமாகக் கொண்டு பம்பாய்க்கும் தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் இரயிலேறிய தமிழர்கள் பலர். ஐசக் பிட்மன் 1837-இல் வெளியிட்டுப் பின்னர் வளர்ந்த சுருக்கெழுத்து முறையில் முற்றுப்புள்ளிக்குச் சிறியதொரு பெருக்கற்குறியை இடுவார்கள். வெறும் புள்ளியை இட்டால் அது உயிரெழுத்துக் குறியோடு மயங்கிவிடும். சொல்லிக்கொண்டே போகும் அதிகாரி மூச்சு வாங்கும் இடத்தில் நிறுத்துவார். பொருள் முடியும் இடத்தில் நிறுத்தமாட்டார். எங்கே அந்தப் பெருக்கற்குறியை இடுவது என்பதை எழுதுபவர்தான் தம் அறிவால் தீர்மானிக்க வேண்டும். அவர்களுள் எஞ்சியிருக்கும் முதியவர் ஒருவர் நம் வாசகசாலைக்கு வருவதுண்டு. “மூச்சு நிற்கிற இடம் வேறே, அர்த்தம் நிற்கிற இடம் வேறே. இது தெரிஞ்சவன்தான் ஸ்டெனோ” என்று அவர் பிள்ளைகளிடம் சொல்வார். நாம் பல பாடங்களில் விளக்குவதை அவர் ஒரு பேச்சில் அடக்கிவிடுகிறார்.

இன்று கைப்பேசியில் செய்தி அனுப்பும் பழக்கம் வந்த பிறகு புள்ளிகள் மேலும் அருகிவிட்டன. வரியை முடித்து அனுப்பும் பொத்தானை அழுத்துவதே முற்றுப்புள்ளி ஆகிவிட்டது. அந்த வழக்கம் அங்கேயே இருக்கட்டும், குறையொன்றும் இல்லை. அதைக் கட்டுரைத் தாளுக்கும் கொண்டுவரும்போதுதான் இடர் விளைகிறது. கணிப்பொறி திருத்தித் தராதா என்று கேட்பவர்களும் உளர். பல இடங்களில் திருத்தித் தரும். ஆனால் ஆச்சி எந்த ஆண்டில் எங்கே இருந்தார் என்பது கணிப்பொறிக்கு எப்படித் தெரியும்? ‘இன் 1998’ என்பதற்கு முன்னே புள்ளி இடுவதா, பின்னே இடுவதா என்பதை நடந்ததை அறிந்தவர் மட்டுமே சொல்ல முடியும். புள்ளி இடுவது எழுத்து வேலை மட்டுமன்று. உண்மைக்கு எல்லை வகுக்கும் வேலையுமாகும்.

பெற்றோர்களிடம் நாம் வேண்டிக்கொள்வது ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற வேண்டுமானால் தமிழை ஒதுக்கிவைக்க வேண்டும் என்னும் எண்ணம் நம் குடியிருப்புகளில் பரவி வருகிறது. வீட்டிலும் பிள்ளைகளோடு ஆங்கிலமே பேசத் தொடங்கிவிட்டவர்களும் உளர். நம் அனுபவம் இதற்கு மாறாக இருக்கிறது. முற்று என்றால் என்ன, எச்சம் என்றால் என்ன என்று தமிழில் கற்ற பிள்ளைக்கு ஓட்டு வாக்கியத்தை ஒரு மாலைப்பொழுதில் புரியவைத்துவிடுகிறோம். அது தெரியாத பிள்ளைக்கு ஆங்கிலக் கலைச்சொற்களைக் கொண்டே மாதக்கணக்கில் விளக்க வேண்டியிருக்கிறது. தாய்மொழி இலக்கணம் பிறமொழிக்குத் தடையன்று. இரு மொழிகளும் எங்கே ஒத்துச் செல்கின்றன, எங்கே பிரிகின்றன என்று காட்டும் விளக்கு.

ஆகவே, அடுத்த முறை உங்கள் பிள்ளை பள்ளிக் கட்டுரையைக் காட்டும்போது, ஆங்கிலம் தெரியாத தாய்மார்களுங்கூட ஒன்று செய்யலாம். ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அவன் சொல்லும் தமிழில் வினைமுற்று எங்கே விழுகிறதோ அங்கே, “இந்த இடத்தில் தாளில் என்ன வைத்திருக்கிறாய்?” என்று கேளுங்கள். முற்றுப்புள்ளி, அரைப்புள்ளி, இணைப்புச் சொல் என்று ஏதேனும் ஒன்றை அவன் காட்ட வேண்டும். காற்புள்ளியை மட்டும் காட்டினால் அளவு குறைகிறது என்று சொல்லுங்கள்.